ஆகையால் என்ற சொல்

நம் பாஷையில் மிக ஆபத்தான சொல் எது என்று யாராவது என்னைக் கேட்டால், வசைச் சொற்களில் ஒன்றை எடுத்துக் காட்ட மாட்டேன். வசை வெளியே கேட்கிறது. கேட்டவன் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். கணக்குத் தீர்ந்து போகிறது. எனக்குப் பயம் தருவது 'ஆகையால்' என்ற சாதுவான சொல்தான். முன்னால் சொன்னது உண்மை, அதனாலேயே பின்னால் வருவதும் உண்மை என்று ஜாமீன் கையெழுத்துப் போடுகிற சொல் அது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் மூன்று புள்ளிகளாக வைத்துக் காட்டுவாரே, அதே சொல். அந்தக் கௌரவத்தை வைத்துக்கொண்டு அது நம் மனசுக்குள் எப்படிப்பட்ட பேர்வழிகளையெல்லாம் கைப்பிடித்து அழைத்து வந்து நடுக்கூடத்தில் உட்கார வைக்கிறது என்பதை நாம் கவனிப்பதே இல்லை.

'எனக்குக் கடன் இருக்கிறது.' இது ஒரு செய்தி. கடன் கொடுத்தவருடைய நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். 'ஆகையால் நான் ஒன்றுக்கும் உதவாதவன்.' இதை எந்த நோட்டைப் புரட்டித் தெரிந்துகொள்வது? முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவது வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் கிடக்கிறது. 'ஆகையால்' அதன்மேல் ஒரு பலகையைப் போட்டுவிடுகிறது. மனுஷன் கீழே பார்க்காமல் அக்கரைக்கு நடந்து போய்விடுகிறான். தேர்தல் மேடையில் பேசுகிறவரை நாம் சந்தேகிக்கிறோம். கல்யாணத் தரகரைச் சந்தேகிக்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு நம் மனசு நம்மிடம் பேசுவதை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறோம்.

அந்தப் பலகையைத் தூக்கிப் பார்ப்பதையே ஒரு வைத்தியமாக ஆக்கியவர் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல வைத்தியர். பிலடெல்பியா நகரத்தில், பென்சில்வேனியா சர்வகலாசாலையில் இருந்தவர். 1921ல் பிறந்து, நூறு வயது வாழ்ந்து 2021ல் காலமானார். ஆரம்பத்தில் அவரும் ப்ராய்டின் சீடர்தான். மனச்சோர்வு என்பது பிறர்மேல் உள்ள கோபம் உள்முகமாகத் திரும்பியதே என்று அந்தச் சம்பிரதாயம் சொல்லிற்று. அதை நிரூபிப்பதற்காகவே பெக் நோயாளிகளின் கனவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். கனவுகளில் கோபத்தைக் காணோம். தோற்றுப்போவது, இழந்துபோவது, ஒதுக்கப்படுவது, இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. அந்த நாளில் அவரிடம் வந்த ஒரு பெண்மணி தன் அந்தரங்க விஷயங்களையெல்லாம் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். ஆனால் முகத்தில் ஏதோ தவிப்பு. விசாரித்தபோது, பேச்சுக்கு அடியில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது: இந்த டாக்டருக்கு நம்மைக் கண்டால் சலிப்பாக இருக்கிறது போலிருக்கிறதே என்று. யாரும் கேளாமல், அழைக்காமல், தானாக ஓடுகிற இந்த அடிப்பேச்சைத்தான் பெக் பிடித்துக்கொண்டார். 1960களில் அதை ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தார். அவருக்குச் சற்று முன்பே நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவரும் ஏறக்குறைய இதே வழியில் வந்து சேர்ந்திருந்தார். இருவருமே பழைய ரோமாபுரியில் அடிமையாக இருந்து தத்துவ ஞானியான எபிக்டீடஸின் பெயரைத் தங்களுக்கு முன்னோடியாகச் சொல்வதுண்டு. சங்கிலி பூட்டப்பட்ட ஒருவனுக்கு இந்த விஷயம் முதலில் விளங்கியது ஆச்சரியமில்லை.

இந்த வைத்தியத்துக்கு இங்கிலீஷில் காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி என்று பெயர். தமிழில் 'அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை' என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டால், குணமாக வந்தவன் எழுந்து ஓடிவிடுவான் என்று எனக்குத் தோன்றுகிறது. விஷயம் பெயரைப் போல அவ்வளவு கடினமல்ல. என்ன நடந்தது, அப்போது மனசில் என்ன ஓடிற்று, எவ்வளவு வலித்தது, மனசில் ஓடியதற்கு என்ன சாட்சி, எதிர்ச்சாட்சி என்ன என்று ஒரு நோட்டில் பத்தி பத்தியாக எழுத வேண்டும். எழுதியதோடு நிற்காமல், அந்த நினைப்பு மெய்யா பொய்யா என்று வெளியே போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டும். நம்மூர் வியாபாரிகள் அன்றாடம் சிட்டை எழுதுகிற மாதிரிதான். வரவு செலவுக்குப் பதில் நினைப்பின் கணக்கு.

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நான் மனோதத்துவம் கற்றவனில்லை. காலேஜில் இரண்டு வருஷத்தோடு நின்றவன். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு, மனுஷர்கள் எந்த இடத்தில் 'ஆகையால்' போடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதோடு நான் வசிப்பது திருப்பூரில். அந்தச் சொல் இந்த ஊரைப்போல் வேறெங்கும் விளைந்து கிடப்பதாக எனக்குத் தெரியவில்லை.

திருப்பூரின் சரித்திரம் ஓர் அதிசயம்தான். 1970களின் கடைசியில் வெளிநாட்டுக்குப் பனியன் அனுப்பத் தொடங்கிய ஊர், 2024-25ஆம் நிதியாண்டில் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்தது. இங்கே கம்பெனி வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர், ஒரு காலத்தில் அடுத்தவர் கம்பெனியில் மிஷின் ஓட்டியவர்கள், பண்டல் தூக்கியவர்கள். சரத் சாரி என்ற ஆராய்ச்சியாளர் இதையே விஷயமாக வைத்து 2004ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். தோட்டத்து வேலையில் பழகிய உழைப்பைத் தங்கள் மூலதனமாகச் சொல்லிக்கொள்ளும் முதலாளிகளை அதில் சந்திக்கலாம். 'உழைச்சோம், ஆகையால் மேலே வந்தோம்' என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. உழைத்துத்தான் இருக்கிறார்கள்.

அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் வருவதுதான் விபரீதம். உழைத்தவன் மேலே வந்தான். ஆகையால் மேலே வராதவன் உழைக்காதவன். இதை இந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. திண்டுக்கல், தேனிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஒன்றரை ஷிப்டு பார்த்து, பதினைந்து வருஷம் கழித்தும் அதே லைன் வீட்டில் இருப்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். நூல் விலை, டாலர் விலை, எங்கோ ஒரு துறைமுகத்தில் நின்ற கப்பல், இவற்றில் ஒன்றுகூட அவன் கணக்கில் வருவதில்லை. ஏனென்றால் ஊர் அவனுக்குக் கற்றுக்கொடுத்த கணக்கில் உழைப்பு என்று ஒரே ஒரு பத்திதான் இருக்கிறது. மற்ற ஊர்க்காரன் 'தலையெழுத்து' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவான். விதியை நம்புகிறவனுக்குக் கை கட்டப்படுகிறது. ஆனால் தூக்கமாவது வருகிறது. திருப்பூர்க்காரனுக்கு அந்த வசதியும் இல்லை.

இது வெறும் மனவருத்தத்தோடு முடிகிற சமாசாரமாக இருந்தால் நான் ஒரு சிறுகதை எழுதிவிட்டு நிறுத்தியிருப்பேன். தேசியக் குற்ற ஆவண நிறுவனத்தின் 2022ஆம் வருஷத்துக் கணக்கின்படி, தற்கொலைகளின் எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, 19,834 பேர். இந்தியா முழுவதும் அப்படி இறந்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல் தினக்கூலிக்காரர்கள். இத்தனை பேரும் தப்பான யோசனையால் போனார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வறுமை, குடி, வியாதி, வீட்டில் அடி, எல்லாம் இதில் உண்டு. ஆனால் கஷ்டத்துக்கும் அந்தக் கடைசி முடிவுக்கும் இடையில் எப்போதும் ஒரு வாக்கியம் நிற்கிறது என்று நினைக்கிறேன். 'நான் போய்விட்டால் மற்றவர்களுக்காவது நிம்மதி' என்கிற மாதிரி ஒரு வாக்கியம். அது ஒரு தீர்ப்பு மாதிரி ஒலிக்கும். விசாரணை நடக்காத தீர்ப்பு.

எனக்குத் தெரிந்த காண்ட்ராக்டர் ஒருவர் இருக்கிறார். சிறியவர்தான், ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாமாகப் பன்னிரண்டு மிஷின். பெரிய கம்பெனியில் வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுப்பார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அவர் தைத்துக்கொண்டிருந்த ஆர்டர் பாதியில் நின்றது. மிஷின்கள் நின்றன. சனிக்கிழமை சம்பளம் இரண்டு வாரம் கைமாற்றில் ஓடிற்று. பிறகு அவர் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. மனைவியிடம் இன்ஷூரன்ஸ் பத்திரம் எங்கே இருக்கிறது என்று ஒருநாள் விசாரித்திருக்கிறார். அந்த அம்மாள் விஷயம் புரிந்தவர். மறுநாள் காலையிலேயே தம்பியை வரவழைத்து, இவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு, வாரத்துக்கு ஒருநாள் ஆலோசகரைப் பார்க்கவும் சொன்னார். ஆலோசகர் இருபத்தெட்டு வயதுப் பெண். 'பேரப் போடாம எழுதிக்குங்க' என்று அனுமதி கொடுத்து, நடந்ததைக் காண்ட்ராக்டரே எனக்குச் சொன்னார்.

முதல் இரண்டு வாரம் அவர் வாயைத் திறக்கவே இல்லையாம். சின்னப் பெண், இதற்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. மூன்றாவது வாரம் அந்தப் பெண் வேறு பேச்சு எடுத்தாள்.

"ஏனுங்கண்ணா, எனக்கு உங்க தொழிலு தெரியாதுங்க. தச்ச சரக்கு நல்லா இருக்குது, இல்லைன்னு எப்படிங்க முடிவு பண்ணுவாங்க?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. "அதுக்கு ஏ.கியூ.எல்.னு ஒரு கணக்கு இருக்குது அம்மணி. மூவாயிரம் பீஸ் லாட்டுன்னா நூத்தி இருபத்தஞ்சு பீஸ் எடுத்துப் பாப்பாங்க. பெரிய பழுது ஏழு வரைக்கும் இருந்தா லாட்டு பாஸு. எட்டு ஆச்சுன்னா ரிஜெக்டு."

"ஒரு பீஸுல ஓட்டை இருந்தா மொத்த லாட்டையும் தள்ள மாட்டாங்களா?"

"அதெப்படிங்க தள்ளுவாங்க? ஒரு ஓட்டைக்கு லாட்டைத் தள்ளுனா உலகத்துல ஒரு பனியன் கப்பலேறாது."

"உங்க லாட்டுல நீங்க எத்தனை பீஸ் எடுத்துப் பாத்தீங்கண்ணா?"

அவர் பேசவில்லையாம். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணுதானுங்க" என்றாராம்.

இந்த ஏ.கியூ.எல். கணக்கின் பூர்வோத்திரம் எனக்குச் சுவையாக இருக்கிறது. யுத்த காலத்தில் அமெரிக்க ராணுவம் தனக்கு வருகிற சரக்கைச் சோதிப்பதற்காக வகுத்துக்கொண்ட அட்டவணைகளிலிருந்து வந்தது அது. 1950ல் ராணுவத் தரநிர்ணயமாக அச்சாகி, பிறகு உலக வியாபாரம் முழுவதற்கும் பொதுவாகிவிட்டது. ஒவ்வொரு காசுக்கும் பேரம் பேசுகிற வெளிநாட்டு வியாபாரி, 125ல் ஏழு பழுதைப் பொறுத்துக்கொள்கிறான். தாராள மனசினால் அல்ல. அப்படிச் செய்யாவிட்டால் எதையுமே தீர்மானிக்க முடியாது என்பதால். ஒற்றைப் பழுதை வைத்து மொத்தத்தையும் தள்ளுகிற கொடிய பையர் ஒருவன் உண்டென்றால், அவன் நம் மண்டைக்குள்தான் இருக்கிறான்.

அப்புறம் நோட்டு வந்தது. நான் அதைப் பார்த்தேன். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. 'ஆர்டர் நின்றது' என்று ஒரு பத்தி. 'எனக்குத் தொழில் தெரியாது' என்று அடுத்த பத்தி. வலி, நூற்றுக்குத் தொண்ணூறு. சாட்சிப் பத்தியில் 'கடன் 6 லட்சம்' என்று எழுதியிருந்தார். எதிர்ச்சாட்சிப் பத்தி முதல் வாரம் காலி. இரண்டாவது வாரத்தில், நடுங்கிய கையெழுத்தில், 'வரி போட்டது நான் அல்ல' என்று ஒரே வரி. அதற்குக் கீழே, '11 வருஷத்தில் சம்பளம் தள்ளிப்போனது 2 வாரம்.' இந்த இரண்டு வரியையும் எழுத அவருக்குப் பதினான்கு நாள் பிடித்திருக்கிறது. நான் நாவல் எழுதுகிறவன். சில வரிகள் வருவதற்குப் பதினான்கு நாள் ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

சோதனையும் உண்டு என்றேனே. அவருடைய மனசில் கெட்டியாக உட்கார்ந்திருந்த இன்னொரு வாக்கியம், 'வெளியே தலை காட்டினால் ஊர் முழுக்கக் கடனைப் பற்றிக் கேட்கும்' என்பது. அந்தப் பெண் அதை மறுக்கவில்லை. 'கேக்கமாட்டாங்க, தைரியமாப் போங்க' என்று சொல்லவும் இல்லை. ஒரு வாரம் தினமும் காலையில் அவர் வழக்கமாகப் போகிற டீக்கடைக்குப் போய், யார் யார் பேசினார்கள், எத்தனை பேர் கடனைப் பற்றிக் கேட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு வரும்படி சொன்னாள். போவதற்கு முன்னால் அவர் எழுதிய மதிப்பு: பத்துக்குப் பத்து. திரும்பி வந்து எழுதிய கணக்கு: பேசியவர்கள் பதினேழு, கேட்டவர்கள் மூன்று. அதில் ஒருவர் நிஜமாகவே பாக்கிக்காரர். நாலு பேர் எதிரில் சத்தம் போட்டுவிட்டார். இன்னொருவர், 'எனக்கும் ரெண்டு மாசமா வேலை இல்லீங்க' என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சத்தம் போட்டவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தக் கதையை நான் கற்பனையில் எழுதியிருந்தால் அவரை விட்டிருப்பேன். ஆனால் அவர் இருந்ததால்தான் எனக்கு இந்த வைத்தியத்தின்மேல் மரியாதை ஏற்பட்டது. ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடைகளில் 'நல்லதையே நினை, நல்லதே நடக்கும்' என்று சொல்லும் புத்தகங்கள் மஞ்சள் அட்டை போட்டு அடுக்கி வைத்திருக்கின்றன. அவற்றை எழுதுகிறவர்கள் ஒரு பொய்யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பொய்யை வைக்கிறார்கள். இனிப்பான பொய் என்பதுதான் வித்தியாசம். பெக்கின் முறை அதுவல்ல. அது எண்ணிக்கொண்டு வா என்கிறது. மூன்று என்று வந்தால் மூன்று என்றே எழுதச் சொல்கிறது. பூஜ்யம் என்று ஏமாற்றுவதில்லை, பதினேழு என்று பயமுறுத்துவதும் இல்லை.

இதையெல்லாம் என் சிநேகிதர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பனியன் தொழிலாளர் சங்கத்தில் முப்பது வருஷமாக இருப்பவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி போட்டார்:

"ஏனுங்க, கூலியக் குறைச்சவன் குறைச்சபடி இருப்பான். நெனப்பை மட்டும் நாங்க சரி பண்ணிக்கோணுமாக்கும்?"

இது சாதாரணக் கேள்வியல்ல. இதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் நான் இதுவரை எழுதியதையெல்லாம் கிழித்துப் போட வேண்டியதுதான். இந்த வட்டாரத்தில் 2000த்தை ஒட்டிய வருஷங்களில் நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது, வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஏழை வீட்டுப் பெண் குழந்தைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எடுத்து, ஆலையின் ஹாஸ்டலிலேயே தங்கவைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று ஒரு தொகை கொடுப்பதாகச் சொன்ன திட்டம். வெளியே போக அனுமதி இல்லை. நடுவில் உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டால் அந்தத் தொகை கிடைக்காமல் போனதும் உண்டு. அந்த ஹாஸ்டல் அறையில் ஒரு பெண், 'நான் அடைபட்டுக் கிடக்கிறேன்' என்று நினைத்தால், அது நினைப்பின் கோளாறா? கதவு பூட்டித்தானே இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் போய் நோட்டையும் பென்சிலையும் கொடுத்து எண்ணத்தைத் திருத்திக்கொள்ளச் சொல்கிற ஆலோசகர், ஆலை முதலாளிக்கு இன்னொரு பூட்டு செய்து கொடுக்கிறார். இப்படிப்பட்ட ஆலோசனையை நான் வைத்தியம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் சிநேகிதரின் கேள்வி பாதி தூரம்தான் போகிறது. அதே பெண் இன்னொன்றும் நினைத்திருக்கலாம்: 'நான் அடைபட்டுக் கிடக்கிறேன், ஆகையால் நான் இதற்குத்தான் லாயக்கு.' முதல் பாதியைத் தொட யாருக்கும் உரிமை இல்லை. அதற்குப் பரிகாரம் தொழிலாளர் இலாகாவிலும் கோர்ட்டிலும் இருக்கிறது. இரண்டாவது பாதியை யாராவது அவள் கையிலிருந்து பிடுங்கியே ஆக வேண்டும். தான் இதற்குத்தான் லாயக்கு என்று நம்புகிறவள் கதவு திறந்திருந்தாலும் வெளியே வர மாட்டாள். சங்கத்துக்கு வந்து கையெழுத்தும் போட மாட்டாள். முப்பது வருஷமாக வாசற்படி வாசற்படியாக ஏறி ஆள் சேர்த்த என் சிநேகிதருக்கு இது தெரியாதா? 'நம்மால என்னங்க ஆகப்போகுது' என்ற வாக்கியத்தோடுதான் அவர் ஆயுசு முழுக்க மல்லுக்கு நின்றிருக்கிறார். அவர் கொடி பிடித்துச் செய்ததில் ஒரு பங்கைத்தான் அந்தப் பெண் நோட்டுப் புஸ்தகத்தில் செய்தாள் என்று சொன்னேன். அவர் சிரித்தார், ஒப்புக்கொண்டதாகச் சொல்லவில்லை.

கஷ்டமான கேள்வி இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. சாயப்பட்டறை நடத்தி, வயதாகி ஓய்ந்துவிட்ட ஒருவர் என்னிடம் கேட்டது. நொய்யல் ஆற்றின் கதை தமிழ்நாட்டுக்கே தெரியும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி நின்றது. கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று உத்தரவாயிற்று. அது நிறைவேறாமல் போகவே, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. பெரியவர் அப்போது மூடியவர் மறுபடி திறக்கவில்லை. "எங்க அப்பிச்சி அந்த ஆத்துல குளிச்சவருங்க. அதைக் கெடுத்ததுல நானும் ஒருத்தன். ராத்திரி படுத்தா இதேதான். உங்க காண்ட்ராக்டரு நோட்டு இதுக்கு என்னங்க சொல்லும்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கோயம்புத்தூரில் மனநல வைத்தியராக உள்ள என் நண்பரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டார். "இப்படி வருகிறவர்களுக்கு நாங்கள் செய்வது இதுதான். நடந்த காரியத்துக்கு யார் யார் பொறுப்போ அத்தனை பேரையும் முதலில் எழுதச் சொல்வோம். மலிவாகச் சாயம் வேண்டும் என்று கேட்ட பையர், லைசென்ஸ் கொடுத்த இலாகா, கண்ணை மூடிக்கொண்ட அதிகாரி, பக்கத்துப் பட்டறைகள், கடன் கொடுத்த பாங்கு, எல்லாருக்கும் வட்டத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுக்க வேண்டும். தனக்கு உள்ளதைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும். முதலில் வெட்டச் சொன்னால் முழு வட்டத்தையும் எடுத்துக்கொண்டுவிடுவார்கள்."

"கடைசியில் அவர் பங்கு ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால்?" என்று கேட்டேன்.

"வராது. வந்தால் அவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம்" என்றார் நண்பர்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. முழுப் பாவத்தையும் தலைமேல் போட்டுக்கொள்கிறவன் பெரிய மனசுக்காரன் என்று நாம் நினைக்கிறோம். என் அபிப்பிராயம் வேறு. முழுப் பாவத்தையும் சுமப்பவனால் ஒன்றுமே செய்ய முடியாது. படுத்துக்கொண்டு அழலாம், அவ்வளவுதான். எட்டில் ஒரு பங்கு என்றால் எட்டில் ஒரு பங்குக்கு உண்டான காரியத்தைச் செய்யலாம். பெரியவரிடம் வட்டத்தைக் காட்டினேன். அவர் தம் துண்டை நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகவே வெட்டினார். ஊர் இளைஞர்கள் குளம் தூர்வாரப் பணம் கேட்டு வந்தபோது, மற்றவர்கள் கொடுத்ததைப் போல நாலு மடங்கு கொடுத்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று நான் விசாரிக்கவில்லை. எல்லாத் தூக்கமின்மையும் வியாதி அல்ல.

இதற்கெல்லாம் பெரிய பட்டம் பெற்ற வைத்தியர்கள் வேண்டாமா, அவர்களுக்கு இந்த ஊரில் எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். கடுமையான நோய்க்கு வைத்தியரும் மருந்தும் வேண்டும். அதில் சமரசமே கூடாது. நோட்டு எழுதியும் தேறாதவர்கள் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் பெரிய பட்டம் தேவையில்லை என்பதற்கு, நம்மைப் போன்ற ஜனங்களிடமே நடந்த இரண்டு சோதனைகள் இருக்கின்றன. பாகிஸ்தானில் ராவல்பிண்டி மாவட்டத்துக் கிராமங்களில், மனச்சோர்வில் இருந்த 903 கர்ப்பிணிப் பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவின் வீடுகளுக்குப் போகும் சாதாரணச் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்கு இந்த முறையில் பயிற்சி கொடுத்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் காட்டி, 'இந்தத் தாய் என்ன நினைக்கிறாள், அப்படித்தான் நினைக்க வேண்டுமா?' என்று பேசினார்கள். பிரசவமாகி ஆறு மாசத்தில் அந்தப் பிரிவில் மனச்சோர்வோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 23 பேர்; மற்றப் பிரிவில் 53 பேர். அதிப் ரஹ்மான் என்ற வைத்தியரும் சகாக்களும் 2008ல் இதை வெளியிட்டார்கள். நம் கோவாவில் விக்ரம் படேலும் 'சங்காத்' நிறுவனத்தாரும், வைத்தியப் படிப்பே இல்லாத ஊர்க்காரர்களைப் பழக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். அவர்கள் செய்தது இந்த முறைக்குத் தம்பி முறை: நினைப்பைவிடச் செய்கையில் அதிகக் கண், படுத்துக் கிடப்பவரை ஒவ்வொரு காரியமாக எழுப்பி நடத்துவது. அங்கேயும் பலன் தெரிந்தது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் மத்திய அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' இருக்கிறது. போன் செய்தால் தமிழிலேயே பேசலாம். தனியாக ராத்திரியைக் கழிக்கிறவர்கள் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

காண்ட்ராக்டர் பன்னிரண்டு மிஷினில் ஐந்தை விற்றுவிட்டார். மிச்சம் ஏழில் உள்நாட்டுச் சரக்கு தைக்கிறார். கடன் இன்னும் நாலு லட்சம் இருக்கிறது. நோட்டு தீர்ந்து இரண்டாவது நோட்டு ஓடுகிறது.

சங்கத்துச் சிநேகிதரிடம் ராவல்பிண்டி விவரத்தையும் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்கிற ஆசாமி இல்லை. கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையைப் பற்றியே அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். விடைபெற்று நான் செருப்பை மாட்டும்போதுதான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல சங்க ஆபீசு சும்மாதானுங்க கெடக்கும். ரெண்டு பெஞ்சு இருக்குது. அந்தப் புள்ளைய வேணும்னா வந்து பாக்கச் சொல்லுங்க."